அமைவுக் கோப்புகளின் இலக்கணம்: எளிய உரைக் கோப்புகளும் தமிழ்ப் பயன்பாடும்

முன்னுரை

கணினியில் இயங்கும் மென்பொருள் ஒவ்வொன்றும் தான் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கான தெரிவுகளை எங்கேனும் ஓரிடத்தில் பதிந்து வைத்துக்கொள்கிறது. எந்த எழுத்துருவில் தமிழைக் காட்டுவது, எந்த விசைக்கு எந்த எழுத்தைத் தருவது, எண்ணையும் தேதியையும் எவ்வாறு எழுதுவது என்பன போன்ற தெரிவுகள் அப்பதிவில் அடங்கும். அப்பதிவைத் தாங்கி நிற்கும் கோப்பே அமைவுக் கோப்பு எனப்படுகிறது. இவற்றுள் மிகப் பலவும் எளிய உரைக் கோப்புகளாகவே உள்ளன. அதாவது எழுத்துகளும் இடைவெளிகளும் வரிமுறிவுகளும் அன்றி, தடிப்பு, சாய்வு, வண்ணம் முதலிய ஒப்பனைகள் எவையும் இல்லாதவை. எந்த உரைத்தொகுப்பானிலும் திறந்து படிக்கத் தக்கவை.

தமிழாய்வில் ஈடுபடுவோர் இக்கோப்புகளைத் தொழில்நுட்பர்களுக்கே உரியனவாகக் கருதி விலகி நிற்பது வழக்கமாகிவிட்டது. இதனால் நேரும் இழப்பு சிறிதன்று. துறையில் பழைய கணினி அகற்றப்பட்டுப் புதியது வைக்கப்படும்போது, ஆசிரியர் ஒருவர் பல்லாண்டுகளாகத் தம் பணிக்கேற்பச் செம்மைப்படுத்தி வைத்திருந்த விசைப்பலகை அமைப்பும், எழுத்துருத் தெரிவும், சொற்பிழை திருத்தியில் ஒவ்வொன்றாகச் சேர்த்த சொற்களும் ஒரே நாளில் மறைந்துபோகின்றன. மைக்ரோசாஃப்ட் வேர்டு மென்பொருளில் பயனர் சேர்க்கும் சொற்கள் வரிக்கு ஒரு சொல்லாக ஓர் எளிய உரைக் கோப்பில்தான் சேமிக்கப்படுகின்றன. அதனைப் படியெடுக்க ஒரு நிமிடம் போதும். அப்படியொரு கோப்பு இருக்கிறது என்பதை அறியாமையே இழப்புக்குக் காரணமாகிறது.

அமைவுக் கோப்பு என்பது தனக்கென ஓர் இலக்கணம் உடைய சிறு பனுவல். மூலத்தையும் உரையையும் பகுத்துப் படிக்கவும் பாடவேறுபாடுகளை ஒப்பிடவும் பழகிய தமிழ் மாணவருக்கு அது எட்டாத ஒன்றன்று என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. கோப்புகளின் பெயர்களும் கட்டளைச் சொற்களும் இங்குத் தமிழ் ஒலிப்பில் தரப்பட்டுள்ளன. கோப்புகளில் அவை ரோமன் எழுத்திலேயே அமையும்.

உரைவடிவம் நிலைபெற்ற வரலாறு

அமைவுகளை உரைவடிவில் வைக்கும் மரபு 1970களில் பெல் ஆய்வகத்தில் உருவான யூனிக்ஸ் இயங்குதளத்தில் வேரூன்றியது. அதன் வழிவந்த லினக்ஸ் முதலிய தளங்களில் ‘ஈடிசி’ எனப்படும் கோப்புறைக்குள் தளம் முழுமைக்குமான அமைவுகள் உரைக்கோப்புகளாகக் குவிந்துள்ளன. பயனர் பட்டியலைக் கொண்ட ‘பாஸ்டபிள்யூடி’ என்னும் கோப்பு இதற்கு நல்ல சான்று. அதில் ஒரு பயனருக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட ஏழு பகுதிகள். பெயர், அடையாள எண், குழு எண், தமக்குரிய கோப்புறை என்று வரிசை அறிந்தவர் எவரும் அதனைப் படித்துவிடலாம்.

தனிக்கணினிகளில் டாஸ் தளத்துக் ‘கான்ஃபிக்.சிஸ்’, விண்டோஸ் தளத்து ‘வின்.ஐஎன்ஐ’ ஆகியனவும் இவ்வகையினவே. ஆயினும் 1992இல் வெளிவந்த விண்டோஸ் 3.1 பதிப்பில் ரெஜிஸ்டிரி என்னும் பதிவேடு அறிமுகமாயிற்று. விண்டோஸ் 95 முதல் அது அமைவுகளின் மையக் களஞ்சியமாக வளர்ந்தது. ரெஜிஸ்டிரி உரைக்கோப்பு அன்று. அதனைக் காணவும் திருத்தவும் தனிக்கருவி வேண்டும். பல மென்பொருள்களின் அமைவுகளை ஒரே ஒழுங்கில் வைக்க அது உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், ஒரு மென்பொருளின் அமைவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைச் சாதாரணப் பயனர் கண்டறிவது அரிதாயிற்று. மென்பொருளை நீக்கிய பின்னும் அதன் எச்சங்கள் அங்கே தங்கிவிடுவதைப் பலரும் கண்டிருப்பர். பின்னாளில் பல மென்பொருள்கள் மீண்டும் உரைக்கோப்புகளையே நாடின.

தமிழைப் பொறுத்தவரையில் இவ்வேறுபாடு வெறும் வசதி சார்ந்ததன்று. 1990களில் தமிழ் எழுத்துருக்கள் பல தத்தம் தனிக்குறியாக்கத்துடன் வெளிவந்தன. எந்த இடத்தில் எந்த எழுத்து அமர்ந்துள்ளது என்னும் அட்டவணை வெளிப்படையாக இருந்த குறியாக்கங்களுக்கு மாற்றிகள் எளிதில் எழுதப்பட்டன. அக்காலத்து ஆவணங்கள் ஒருங்குறிக்கு வந்து சேர்ந்தன. அட்டவணை மென்பொருளுக்குள்ளேயே மறைந்திருந்தவற்றில் தட்டச்சிட்ட ஆவணங்களை மீட்க ஒவ்வோர் எழுத்தாகத் தேடிப் பொருத்த வேண்டியதாயிற்று. திறந்து படிக்கத்தக்க வடிவில் இருப்பதே ஒரு பாதுகாப்பு என்பதற்கு இதனினும் அணுக்கமான சான்று நமக்கு வேண்டியதில்லை.

கோப்பின் உறுப்புகள்

அமைவுக் கோப்பின் அடிப்படை அலகு ஒரு பெயரும் அதற்கு உரிய மதிப்பும் ஆகும். ‘ஐஎன்ஐ’ வகைக் கோப்புகளில் இடப்புறம் பெயரும், நடுவே சமக்குறியும், வலப்புறம் மதிப்பும் அமையும். இத்தகைய வரிகள் பலவற்றைத் தொகுத்து, மேலே சதுர அடைப்புக்குள் ஒரு தலைப்பு இடப்படும். நூலில் இயலும் சூத்திரமும் போல இவற்றைக் கொள்ளலாம். ஒரே பெயர் இரு தலைப்புகளின் கீழ் வரக்கூடும் ஆதலின், ஒரு வரியை மட்டும் தனியே எடுத்துப் பொருள்கொள்வது தவறாகும். அது எந்தத் தலைப்பின் கீழ் நிற்கிறது என்பதையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

மற்றோர் உறுப்பு கருத்துரை. # அல்லது ; குறியோடு தொடங்கும் வரிகளைப் பல வடிவங்களில் மென்பொருள் பொருட்படுத்துவதில்லை, அவை மனிதருக்காக எழுதப்படுபவை. ஏட்டுச்சுவடிகளில் மூலமும் உரையும் இடைவெளியின்றித் தொடர்ந்து எழுதப்பட்டமையால் பதிப்பாசிரியர்கள் பட்ட இடர்ப்பாட்டை நாம் அறிவோம். அமைவுக் கோப்பில் அவ்விரண்டையும் பிரிக்க ஒற்றைக் குறி போதுமானதாகிறது. நடைமுறையில் இக்குறிக்கு வேறொரு பயனும் உண்டு. ஒரு வரியை அழிக்காமலே செயலிழக்கச் செய்ய அதன் முன் இக்குறியை இட்டால் போதும், வேண்டும்போது நீக்கிக்கொள்ளலாம். மென்பொருளுடன் வரும் மாதிரிக் கோப்புகளில் பெரும்பாலான வரிகள் இவ்வாறு குறியிடப்பட்டே இருக்கும். அவற்றைச் செயலில் உள்ளனவாக எண்ணிக் குழம்புவோர் பலர்.

எல்லா வடிவங்களும் கருத்துரையை ஏற்பதில்லை. ஜேசன் என்னும் வடிவத்தில் கருத்துரைக்கு இடமில்லை. அதனை வடிவமைத்த டக்ளஸ் கிராக்ஃபோர்டு அதனை வேண்டுமென்றே நீக்கினார். கணினிகள் தமக்குள் தரவைப் பரிமாறிக்கொள்ள அவ்வடிவம் மிகப் பொருத்தமானது. ஆனால் மனிதர் கையால் எழுதிப் பேணவேண்டிய அமைவுக்கு, ஏன் இவ்வாறு எழுதினோம் என்று குறித்துவைக்க இயலாத வடிவம் உகந்ததன்று என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. 1998இல் பரிந்துரைக்கப்பட்ட எக்ஸ்எம்எல் வடிவம் கருத்துரையை ஏற்கிறது. ஆனால் ஒவ்வொரு குறிச்சொல்லையும் திறந்து மூடவேண்டியிருப்பதால் கண்ணுக்குச் சுமையாகிறது.

யாமல் வடிவம் தனியே பேசத்தக்கது. அதில் அடைப்புக்குறிகளுக்கு மாற்றாக வரியின் தொடக்கத்திலுள்ள இடைவெளியே எது எதற்குள் அடங்கும் என்பதைக் காட்டுகிறது. இவ்விடைவெளியை டேப் விசையால் இடுதல் கூடாது. படிக்க எளிதாயினும், மதிப்பின் வகையை மென்பொருளே ஊகித்துக்கொள்ளும் இயல்பு இவ்வடிவத்தில் உண்டு. யாமல் 1.1 விதிகளின்படி, விரிவுரை நேரத்தை 10:30 என்று எழுதினால் அது அறுபதின் அடிப்படையிலான எண்ணாகக் கொள்ளப்பட்டு 630 ஆகிவிடும். பெர்லிஸ் மாநிலத்து ஆராவ் நகரின் அஞ்சல் குறியீடாகிய 02600, சுழியத்தில் தொடங்குவதால் எட்டின் அடிப்படையிலான எண்ணாகப் படிக்கப்பட்டு 1408 ஆகும். 2009இல் வந்த 1.2 பதிப்பு இவ்விதிகளை மாற்றியது. எனினும் பழைய விதிகளைப் பின்பற்றும் மென்பொருள்கள் இன்றும் வழக்கில் உள்ளன. மதிப்பை மேற்கோட்குறிக்குள் இட்டுவிட்டால் இத்தொல்லை நேராது. இங்குக் கவனிக்கத்தக்கது, மென்பொருள் பிழை என்று எதனையும் அறிவிப்பதில்லை என்பதே. சந்தி பிரிப்பதில் பொருள் மாறிப்போவதைப் போல, தவறான பொருளோடு அது அமைதியாகத் தன் பணியைத் தொடரும்.

பொதுவிதியும் சிறப்புவிதியும்

அமைவுக் கோப்புகளைப் படிப்பதில் பெருங்குழப்பம் தருவது, ஒரே தெரிவு பல கோப்புகளில் காணப்படுவதாகும். மென்பொருளை ஆக்கியோர் தந்த இயல்பு அமைவு ஒன்று. கணினியின் மேலாளர் அதன் பயனர் அனைவருக்குமாக எழுதியது ஒன்று. பயனர் தமக்கென எழுதிக்கொண்டது ஒன்று. இம்மூன்றும் முரண்படும்போது எது நிற்கும்? தமிழ் இலக்கணம் பயின்றோர் இதனைப் பொதுவிதி, சிறப்புவிதி என்னும் முறையில் எளிதில் புரிந்துகொள்ளலாம். சிறப்புவிதி கூறப்படாத இடங்களில் எல்லாம் பொதுவிதியே செல்லும். கூறப்பட்ட இடத்தில் மட்டும் சிறப்புவிதி அதனை விலக்கும்.

இதற்கு மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களோடு தொடர்புடைய சான்று ஒன்று உண்டு. உலக மொழிகளின் எண், தேதி, நாணய வழக்குகளை யூனிகோடு கூட்டமைப்பு எக்ஸ்எம்எல் வடிவிலான உரைக்கோப்புகளில் தொகுத்து வைத்துள்ளது. பல இயங்குதளங்களும் உலாவிகளும் அத்தொகுப்பையே பயன்படுத்துகின்றன. தமிழுக்குரிய பொதுக்கோப்பில் கிழமைப் பெயர்கள், மாதப் பெயர்கள், நாடுகளின் பெயர்கள் யாவும் உள்ளன. எண்ணைப் பொறுத்தவரை அது இந்திய முறையைப் பின்பற்றுகிறது. அதாவது நூறாயிரம் 1,00,000 என்று காற்புள்ளி இடப்படும். மலேசியத் தமிழுக்கும் சிங்கப்பூர்த் தமிழுக்கும் தனித்தனிக் கோப்புகள் உண்டு. அவை மிகச் சிறியவை. கிழமையும் மாதமும் அங்கே மீண்டும் எழுதப்படவில்லை. அவை பொதுக்கோப்பிலிருந்து தாமே வந்து சேரும். மாறுபடுவன மட்டுமே எழுதப்பட்டுள்ளன: நூறாயிரம் 100,000 என்று பிரிக்கப்படும், ரிங்கிட்டுக்கு உரிய சுருக்கக் குறி இன்னது, இவை போல்வன சில. நம் செய்தித்தாள்கள் இலட்சக் காற்புள்ளியை இடுவதில்லை என்னும் வழக்கு வேறுபாடு ஒன்று, சில வரிகளாகிய சிறப்புவிதியாக அங்கே பதிவாகியுள்ளது. கணினியில் வட்டாரமாகத் ‘தமிழ் (இந்தியா)’ என்று தெரிவு செய்துவிட்டு, எண்கள் ஏன் இவ்வாறு பிரிகின்றன என்று வியப்போர் இக்கோப்புகளின் அடுக்குமுறையை அறிந்தால் ஐயம் நீங்குவர்.

எல்லா மென்பொருள்களும் ஒரே முறையைக் கையாள்வதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கிட் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் கணினிக்குரிய கோப்பு, பயனருக்குரிய கோப்பு, திட்டத்துக்குரிய கோப்பு என்னும் வரிசையில் படிக்கும். பின்வருவது முன்னதை விலக்கும். ஆனால் தொலைக்கணினியுடன் இணைக்கும் எஸ்எஸ்எச் மென்பொருளின் பயனர் கோப்பில் முதலில் கிடைக்கும் மதிப்பே நிலைக்கும். ஆகவே அங்குச் சிறப்புவிதியை முன்னும் பொதுவிதியைப் பின்னும் எழுதவேண்டும். லினக்ஸ் தளத்தில் எழுத்துருத் தெரிவை ஆளும் ஃபாண்ட்கான்ஃபிக், ஒரு கோப்புறைக்குள் பல சிறு கோப்புகளை வைத்து, அவற்றின் பெயருக்கு முன் ஈரிலக்க எண் இட்டு, அவ்வெண் வரிசையிலேயே படிக்கிறது. வரிசை முறையைக் கையேட்டில் பார்த்து அறிந்த பின்னரே கோப்பைத் தொடுதல் நன்று.

ஒரு கோப்பை எழுதிப் பார்த்தல்

விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்றிலும் ஒரே வகையாக இயங்கும் ஃபயர்பாக்ஸ் உலாவியை இங்கு எடுத்துக்கொள்ளலாம். முகவரிப் பட்டையில் ‘அபௌட்:சப்போர்ட்’ என்னும் தொடரை ரோமன் எழுத்தில் இட்டால் பயனருக்குரிய கோப்புறையைத் திறக்கும் பொத்தான் கிடைக்கும். அக்கோப்புறையில் ‘ப்ரெஃப்ஸ்.ஜேஎஸ்’ என்னும் கோப்பு இருக்கும். அதனைத் திருத்தவேண்டாம் என்று அதன் தலைப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். உலாவி மூடப்படும்போது அக்கோப்பைத் தானே புதிதாக எழுதிவிடுவதால், இடையில் நாம் செய்த திருத்தம் அழிந்துபோகும். பயனர் தம் விருப்பங்களை எழுதவேண்டிய இடம் ‘யூசர்.ஜேஎஸ்’ என்னும் வேறொரு கோப்பு. அது இல்லையாயின் நாமே உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

அதன் ஒவ்வொரு வரியும் ‘யூசர்_ப்ரெஃப்’ என்று தொடங்கி, வளைவு அடைப்புக்குள் பெயரையும் மதிப்பையும் காற்புள்ளியால் பிரித்துத் தந்து, அடைப்பை மூடி, அரைப்புள்ளியுடன் முடியும். தமிழ்ப் பக்கங்களுக்குரிய எழுத்துருவைக் குறிக்கும் பெயர் ‘ஃபாண்ட்.நேம்.செரிஃப்.டிஏ’ என்பது. இறுதியிலுள்ள ஈரெழுத்து தமிழுக்கு உரிய பன்னாட்டு மொழிக் குறியீடு. மதிப்பாக எழுத்துருவின் பெயரை, எடுத்துக்காட்டாக நோட்டோ செரிஃப் தமிழ் என்பதை, மேற்கோட்குறிக்குள் தரவேண்டும். எழுத்தின் மிகக் குறைந்த அளவைக் குறிக்கும் பெயருக்கோ எண் மதிப்பை மேற்கோட்குறியின்றித் தரவேண்டும். எண்ணை மேற்கோட்குறிக்குள் இட்டால் அது சொல்லாகக் கொள்ளப்பட்டு, எதிர்பார்த்த பயனைத் தராது.

இக்கோப்பின் இயல்பு ஒன்றை அறியாதவர் இடர்ப்படுவர். உலாவி தொடங்கும்போது யூசர்.ஜேஎஸ் கோப்பிலுள்ள மதிப்புகள் ப்ரெஃப்ஸ்.ஜேஎஸ் கோப்புக்குள் சென்று பதிந்துவிடுகின்றன. எனவே பின்னர் அவ்வரியை நீக்கினாலும் மதிப்பு நீங்காது. அமைவுப் பக்கத்துக்குச் சென்று அதனை இயல்புநிலைக்கு மீட்டாக வேண்டும்.

எல்லாம் சரியாக எழுதியும் எழுத்துரு மாறவில்லையெனில் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். வலைப்பக்கமே தனக்கென ஓர் எழுத்துருவைக் குறித்திருந்தால் அதுவே முன்னிற்கும். இதுவும் ஒரு சிறப்புவிதியே. அல்லது, குறித்த எழுத்துரு அக்கணினியில் இல்லாதிருக்கலாம். விண்டோஸ் 2000, எக்ஸ்பி காலத்தில் தமிழுக்குரிய லதா எழுத்துரு உடன் வந்தது. விண்டோஸ் 10இல் அது விருப்பத்தின் பேரில் சேர்க்கவேண்டிய தொகுதிக்கு நகர்த்தப்பட்டது. லதா என்று எழுதிய பழைய அமைவுக் கோப்பைப் புதிய கணினிக்குக் கொண்டுசென்றால், கோப்பில் பிழை ஏதுமில்லாமலே பயன் இல்லாமற்போகும். உலாவி வேறோர் எழுத்துருவைத் தானே எடுத்துக்கொள்ளும், காரணத்தைக் கூறாது.

தமிழ் எழுத்தும் குறியாக்கமும்

அமைவுக் கோப்பில் தமிழ் மதிப்புகளை எழுதும்போது கோப்பு யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமிக்கப்படுதல் வேண்டும். விண்டோஸ் நோட்பேட் நெடுங்காலமாக யூடிஎஃப்-8 கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குப் புலப்படாத மூன்று பைட் அடையாளம் ஒன்றைச் சேர்த்து வந்தது. சில மென்பொருள்கள் அவ்வடையாளத்தை முதல் வரியின் பகுதியாகவே கொண்டு, முதல் பெயரை அறியாமல் தடுமாறும். 2019இல் வந்த விண்டோஸ் 10இன் 1903 பதிப்பு முதல், அவ்வடையாளம் இல்லாத யூடிஎஃப்-8 இயல்பாக்கப்பட்டது. பழைய கணினிகளில் எழுதப்பட்ட கோப்புகளில் இன்றும் அது ஒளிந்திருக்கக்கூடும்.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ‘கொ’ என்னும் எழுத்தைக் ககரத்துடன் ஒரே ஒகரக்குறியாகவும் சேமிக்கலாம்; ககரத்துடன் எகரக்குறி, ஆகாரக்குறி என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒருங்குறி விதிப்படியும் அவை நிகரானவை. ஆனால் பைட்டுகளை அப்படியே ஒப்பிடும் மென்பொருளுக்கு அவை வெவ்வேறு சொற்கள். ‘கொள்கை’ என்னும் தலைப்பின் கீழ் எழுதியதை மென்பொருள் காணாமற்போவது இதனால் நேரலாம். ஔகாரத்தின் நிலை இன்னும் மோசம். ‘ஔவை’ என்பதை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சிடும் பழக்கம் பரவலாக உள்ளது. அங்கே நிகர்மை விதிகூட உதவாது. அது எழுத்துப் பிழையே. ஆகவே பெயர்களை ரோமன் எழுத்திலும் மதிப்புகளை மட்டும் தமிழிலும் எழுதுவது இப்போதைக்குப் பாதுகாப்பான வழி. இதனைத் தமிழுக்கு இழுக்காகக் கருதவேண்டியதில்லை.

சொற்செயலிகளில் அமைவு வரிகளை எழுதிப் படியெடுப்பதையும் தவிர்க்கவேண்டும். அவை நேரான மேற்கோட்குறியை வளைந்த குறியாகவும், சிறுகோட்டை நெடுங்கோடாகவும் தாமே திருத்திவிடும். அச்சுக்கு அழகு தரும் அத்திருத்தம் அமைவுக் கோப்பைப் பாழாக்கும்.

பேணும் முறை

கோப்பைத் திருத்துமுன் அதன் படி ஒன்றைத் தேதியிட்ட பெயருடன் வைத்துக்கொள்வது முதற்கடமை. ஒரு முறைக்கு ஒரு திருத்தம் மட்டும் செய்து, மென்பொருளை மூடித் திறந்து பார்த்தல் வேண்டும். ஐந்து திருத்தங்களை ஒருசேரச் செய்து மென்பொருள் இயங்காமற்போனால் எது காரணம் என்று தேட ஒரு மாலைப்பொழுது கழிந்துவிடும். மாற்றிய வரியின் மேல், எப்போது, எதற்காக மாற்றப்பட்டது என்று ஒரு கருத்துரை இடுவது பின்வருவோர்க்குப் பேருதவியாகும். அக்கருத்துரையைத் தமிழில் எழுதத் தயங்கவேண்டியதில்லை.

இரு படிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை ‘டிஃப்’ முதலிய கருவிகள் வரி வரியாகக் காட்டும். பாடவேறுபாட்டு அட்டவணை தயாரித்தவர்க்கு இதில் விளக்கவேண்டியது ஏதுமில்லை. துறை முழுமைக்கும் பொதுவான கோப்புகளை, 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் மென்பொருளில் வைத்துப் பேணினால், ஒவ்வொரு மாற்றமும் யாரால், எப்போது செய்யப்பட்டது என்பதும் பதிவாகும். விசைப்பலகை அமைப்பு, சொற்பட்டியல், உலாவி அமைவு ஆகிய மூன்று கோப்புகளை மட்டும் இவ்வாறு வைத்தாலே புதிய கணினி ஒன்றைத் தமிழ்ப் பணிக்கு ஆயத்தப்படுத்துவது பெரும்பாலும் படியெடுக்கும் வேலையாகச் சுருங்கிவிடும்.

கோப்புகளைப் பிறருடன் பகிருமுன் ஒன்றைச் சரிபார்த்தல் வேண்டும். மின்னஞ்சல், தரவுத்தளம் முதலியவற்றின் அமைவுக் கோப்புகளில் கடவுச்சொற்கள் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருப்பதுண்டு. அத்தகைய கோப்பைக் கிட் தொகுப்பில் ஒருமுறை சேர்த்துவிட்டால், பின்னர் அவ்வரியை நீக்கினாலும் பழைய பதிப்புகளில் அது தங்கியிருக்கும். அந்நிலையில் வரியை அழிப்பதோடு நில்லாமல் கடவுச்சொல்லையே மாற்றிவிடுதல் வேண்டும்.